பிள்ளையின் சத்திரசிகிச்சையும் வைத்தியசாலையின் பொறுப்பும்

பிள்ளைக்குச் சத்திரசிகிச்சை என்றதும் எமக்குக் கை கால் ஓடுவதில்லை. காட்டிய இடத்தில் ஒப்பமிடுகிறோம். பிழை நேர்ந்தால், "ஒப்பம் வைத்தோமே, இனி யாரைக் கேட்பது?" என்று அடங்கிவிடுகிறோம். இந்த எண்ணம் சரியானதல்ல.

2022 டிசம்பரில் கொழும்பு லேடி றிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலையில், 3 வயதுச் சிறுவன் ஒருவனின் பழுதடைந்த சிறுநீரகம் ஒன்றை அகற்றச் சத்திரசிகிச்சை நடந்தது. இரண்டு சிறுநீரகங்களும் அகற்றப்பட்டமை பின்னர் தெரியவந்தது. 2023 ஜூலையில் சிறுவன் இறந்தான். பெற்றோர் முறையிட்டனர், விடயம் நீதிமன்றம் வரை சென்றது.

சட்டம் சொல்வது என்ன?

ஒப்பம், சத்திரசிகிச்சையில் இயல்பாக உள்ள ஆபத்துக்கு நாம் தரும் சம்மதம். கவனயீனத்துக்கு அது சம்மதமாகாது. ஒப்பமிடுமுன் தமிழில் விளக்கம் கேட்பது எமது உரிமை.

அரசாங்க வைத்தியசாலையில் வைத்தியரோ தாதியோ கடமையில் கவனயீனமாக இருந்து தீங்கு நேர்ந்தால், 1969ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டப்படி அரசும் பொறுப்பு. வழக்கு சட்டமா அதிபருக்கு எதிராக வைக்கப்படும். தனியார் வைத்தியசாலை தன் ஊழியரின் தவறுக்குத் தானே பொறுப்பு.

ஆயினும் குணமாகாத நோய் எல்லாம் வைத்தியரின் குற்றமல்ல. 1992இல் இறந்த ஒரு சிறுமியின் வழக்கில் உயர் நீதிமன்றம் 2001இல் தீர்ப்பளித்தது. கவனயீனம் இருந்தது என ஏற்றது; ஆனால் மரணத்துக்கு அதுவே காரணம் என நிரூபிக்கப்படவில்லை என்றது. தகப்பனுக்கு நட்டஈடு கிடைக்கவில்லை. நிரூபிக்கும் சுமை எம்முடையது. ஆகவே எழுத்தில் உள்ளதே எமக்குத் துணை.

செய்ய வேண்டியவை

1. ஓடும்போதும் காணி உத்தரவுப் பத்திரத்தைப் பொலித்தீன் பையில் சுற்றிக் காத்தவர்கள் நாம். கிளினிக் கொப்பி, வீடு செல்லும்போது தரும் நோய் விபர அட்டை, மருந்துத் துண்டு ஆகியவற்றையும் அதே பையில் வையுங்கள்.

2. வைத்தியசாலைப் பணிப்பாளருக்குத் திகதியிட்டுக் கடிதம் எழுதிப் பிரதி ஒன்றை வைத்திருங்கள். 2016ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டப்படியும் அரசாங்க வைத்தியசாலையிடம் விபரம் கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். இருப்பிடம் மாறுகிறவர்கள், சுவாமியிடம் கேட்டுப் பங்கு மனையின் விலாசத்தைக் கொடுக்கலாம்.

3. பிள்ளை இறந்து சந்தேகம் இருந்தால், அடக்கத்துக்கு முன்பே பொலிசில் முறையிட்டு மரண விசாரணை கேளுங்கள்.

4. காலம் தாழ்த்த வேண்டாம். அடிப்படை உரிமை மீறல் மனுவுக்கு 1 மாதமே தவணை. நட்டஈட்டு வழக்குக்குப் பொதுவாக 2 ஆண்டுகள். பணமில்லையே என்று பின்நிற்க வேண்டாம். மட்டக்களப்பில் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகமும் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் அலுவலகமும் உண்டு.

நற்செய்தியில் வரும் ஏழைக் கைம்பெண் நீதிபதியின் வாசலுக்குத் திரும்பத் திரும்பச் சென்றாள். கேட்பது பகைமையல்ல, அடுத்த வீட்டுப் பிள்ளைக்கும் அது காவல்.

குழுவில் பேசுவோம்

அ. எமது பிள்ளைகளின் வைத்தியப் பத்திரங்கள் இப்போது எங்கே இருக்கின்றன?
ஆ. கடிதம் எழுத முடியாத குடும்பத்துக்கு எம்மில் யார் எழுதிக் கொடுப்பது?