கைச்சாத்துக்கு முன் வாசிக்க வேண்டிய பக்கம்

கிழக்கிலங்கைக் கரையோர ஊரான மருதமுனையில் '65 மீற்றர் வீட்டுத்திட்டம்' என்று ஒரு குடியிருப்பு உண்டு. 2004 டிசம்பர் 26 கடல்கோளுக்குப் பிறகு, கரையிலிருந்து அவ்வளவு தூரத்துக்குள் வாழ்ந்தவர்களைக் கருதி எழுந்ததால் வந்த பெயர். கோப்பில் யாரோ எழுதிய ஓர் அளவு, இன்றைக்கு ஓட்டோக்காரரிடம் சொல்லும் முகவரியாகிவிட்டது. காகிதத்தில் உள்ள ஓர் எண்ணுக்கு எவ்வளவு பலம் என்று இந்தக் கரையில் யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. ஆனாலும் ஒப்பந்தம் என்று வந்தால் நம் சங்கங்கள் பணத் தொகை எழுதிய பக்கத்தை மட்டும் மூன்று தரம் வாசித்துவிட்டுக் கைச்சாத்திடுகின்றன. அறிக்கை பற்றிய பின்னிணைப்பைப் புரட்டுவதே இல்லை.

எனக்கு நெருக்கமான மாதர் சங்கமொன்றுக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். தையல் இயந்திரங்கள் கொடுக்கும் திட்டம். வேலை ஒழுங்காக நடந்தது, கணக்கும் சரி. ஆனால் இரண்டாம் தவணை வரவில்லை. ஒவ்வொரு பயனாளியின் மாத வருமானத்தையும் திட்டத்துக்கு முன், பின் என இரண்டு தரம் தர வேண்டும் என்று கடைசிப் பின்னிணைப்பில் இருந்திருக்கிறது. 'முன்' என்ற விபரத்தை யாரும் எடுத்திருக்கவில்லை. ஏழு மாதத்துக்குப் பிறகு அதை எங்கே போய்த் தேடுவது?

மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம், மீனவர் சங்கம், பள்ளிவாசல் நிர்வாகம் என்று எதில் நீங்கள் பொறுப்பிலிருந்தாலும், அடுத்த ஒப்பந்தத்துக்கு முன் இந்த ஒழுங்கில் செய்து பாருங்கள்.

முதலில், ஒப்பந்தத்தை முழுதாக வாங்கி வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். கூட்டம் முடிந்து தேநீர் வரும் நேரத்தில் கைச்சாத்து வேண்டாம். ஆங்கிலத்தில் இருந்தால் தமிழ்ப் பிரதி கேளுங்கள். இரண்டுக்கும் முரண்பாடு வந்தால் எது செல்லும் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு 'அறிக்கை', 'தரவு', 'கண்காணிப்பு', 'பதிவேடு' என்ற சொற்கள் வரும் வரிகளையெல்லாம் பேனாவால் அடிக்கோடிடுங்கள். அவை ஒரே இடத்தில் இருக்கமாட்டா. ஒன்று கொடுப்பனவுப் பிரிவிலும், இன்னொன்று ஒப்பந்த முறிவுப் பிரிவிலும் ஒளிந்திருக்கும்.

அடுத்து ஒரு தாளில் ஐந்து கேள்விக்கு விடை எழுதுங்கள். என்ன விபரம்? யாரிடமிருந்து எடுப்பது? எந்தத் திகதிக்குள்? எந்தப் படிவத்தில்? எந்த அலுவலகத்துக்கு? ஒரு கேள்விக்கு ஒப்பந்தத்தில் விடை இல்லையென்றால், அந்த இடத்தில்தான் பின்னால் சண்டை வரும். கடைசிக் கேள்வி சின்னதாகத் தெரியலாம். நம் பக்கத்தில் அது சின்னதல்ல. ஒரே கல்முனை மாநகர எல்லைக்குள் சாய்ந்தமருதுக்கு ஒரு பிரதேச செயலகம், கல்முனைக்கு ஒன்று, கல்முனை வடக்குக்கு ஓர் உப பிரதேச செயலகம் இருக்கின்றன. 'பிரதேச செயலகத்துக்கு' என்று மொட்டையாக எழுதியிருந்தால், அலுவலகத்தின் பெயரையும் பெறும் உத்தியோகத்தரின் பதவியையும் சேர்க்கச் சொல்லுங்கள்.

இனி, யாரை எண்ணுவது என்ற கேள்வி. இதற்கு ஒரு முழு நாளைச் செலவழித்தாலும் தகும். நம் கரையில் மகளுக்கு வீடு கொடுத்து, மருமகனை அங்கே கூட்டிவருவதே வழக்கம். ஒரே வளவில் உம்மா வாப்பா, மூத்த மகள் குடும்பம், இளைய மகள் குடும்பம் என்று மூன்று அடுப்பு எரியும். படிவமோ 'குடும்பத் தலைவர்' என்று ஒரேயொரு கட்டம் வைத்திருக்கும். சுனாமிக்குப் பின் பெண்ணின் பெயரில் இருந்த வீட்டுக்கு ஈடான வீடு, அந்தக் கட்டத்தின் வழியாக ஆணின் பெயருக்கு மாறிய கதைகளை மகளிர் அமைப்புகள் அப்போதே எடுத்துச் சொன்னன. ஆகவே 'குடும்பம் என்பது தனியாகச் சமைத்து உண்போர்' என்றோ 'ஒரு கூரையின் கீழ் வாழ்வோர்' என்றோ ஒப்பந்தத்திலேயே வரைவிலக்கணம் கேளுங்கள். 'சொத்து உரிமையாளர்' என்று தனிக் கட்டமும் கேளுங்கள். தகுதி யாருக்கு என்பதையும் அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். அக்கரைப்பற்று நுரைச்சோலையில் சவூதி அரேபிய உதவியில் கட்டிய 500 வீடுகள், யாருக்குக் கொடுப்பது என்ற பிணக்கு உயர் நீதிமன்றம்வரை போனதில் ஆண்டுக்கணக்கில் பூட்டிக் கிடந்ததை எல்லோரும் பார்த்தோம்.

பெயர்ப்பட்டியலில் இன்னொரு சிக்கல் உண்டு. கிராம உத்தியோகத்தரின் பட்டியல் தமிழில் இருக்கும், நிதி கொடுப்பவரின் பட்டியல் ஆங்கிலத்தில் இருக்கும். மீராலெவ்வை, உதுமாலெவ்வை, ஆதம்பாவா என்ற பெயர்களை ஆங்கிலத்தில் மூன்று பேர் மூன்று விதமாக எழுதுவார்கள், கணினி மூன்று ஆட்கள் என்று எண்ணும். எனவே அடையாள அட்டையில் உள்ள எழுத்தை அப்படியே பாவியுங்கள், ஆளை இலக்கத்தால் அடையாளம் காணுங்கள். பழைய அட்டையில் ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும், 2016 முதல் வரும் அட்டையில் 12 இலக்கம். பழையதைப் புதியதாக்க, முன்னால் 19 சேர்த்து, பிறந்த நாளைக் குறிக்கும் மூன்று இலக்கங்களுக்குப் பின் ஒரு பூச்சியம் போட்டு, கடைசி எழுத்தை விட்டுவிட வேண்டும். ஒருவரே இரண்டு தரம் பதிவாகியிருப்பதைக் கண்டுபிடிக்க இதுவே இலகுவான வழி.

அந்த இலக்கத்தில் பிறந்த ஆண்டும் நாளும் இருக்கின்றன, பெண் என்றால் நாளுடன் 500 கூட்டப்பட்டிருக்கும். வயது, பால் விபரம் கேட்கும் அறிக்கைக்கு இது உதவும். அதே காரணத்தால்தான் அடையாள அட்டை இலக்கத்தோடு பட்டியலை அறிவித்தல் பலகையில் ஒட்டக்கூடாது, வட்ஸ்அப் குழுமத்தில் போடக்கூடாது.

2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இனம், மதம், உடல்நலம், சிறுவர் பற்றிய விபரங்களை விசேட வகையாகப் பார்க்கிறது. நம் படிவங்களில் இனமும் மதமும் இல்லாத படிவம் எங்கே? சட்டத்தின் முக்கிய பிரிவுகள் நடைமுறைக்கு வரும் நாள் தள்ளிப்போனதைச் சாட்டாக வைத்துக் காத்திராமல், ஒப்பந்தத்திலேயே இப்படி ஒரு வரி கேளுங்கள்: 'சேகரிக்கும் விபரங்கள் இத்திட்டத்தின் அறிக்கைக்கு மட்டும் பாவிக்கப்படும், பயனாளியின் எழுத்துமூலச் சம்மதமின்றி மூன்றாம் தரப்புக்குக் கொடுக்கப்படமாட்டாது.' விதவைகளின் தொலைபேசி இலக்கங்கள் கைமாறினால் என்ன நடக்கும் என்பது இந்த ஊர்ப் பெண்களுக்குத் தெரியும்.

திகதிகளைக் கலண்டரை விரித்துவைத்துப் பேசுங்கள். காலாண்டு முடிந்து ஏழு நாளில் அறிக்கை என்றால் ஒன்று ஜனவரி 7இல் விழும். அது வாடைமழை கொட்டி வீதி வெள்ளத்தில் கிடக்கும் காலம். நோன்பும் பெருநாளும் ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னே நகரும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். 21 நாள் கேளுங்கள். கூடவே இதையும் சேருங்கள்: 'அறிக்கை கிடைத்து 14 நாட்களுக்குள் குறை எழுத்தில் அறிவிக்கப்படாவிட்டால் அது ஏற்கப்பட்டதாகக் கருதப்படும்.' தவணைப் பணம் அறிக்கையோடு கட்டப்பட்டிருக்கும்போது இந்த வரி இல்லாமல் கைச்சாத்திடவே வேண்டாம். சுனாமியில் முற்றாக அழிந்த வீட்டுக்கு அரசு கொடுத்த 250,000 ரூபாவும் நான்கு தவணையில், கட்டட வேலையின் முன்னேற்றத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் வந்தது. நடுத் தவணைக்குக் காத்திருந்த அரைச் சுவர்களை நாம் மறக்கவில்லை.

வேலை தொடங்கும் முன் அடிப்படை விபரத்தை எடுத்துவிடுங்கள். அறிக்கைக்கு ஒருவரைப் பெயர் குறித்து நியமித்து, அவருடைய உழைப்புக்கும் போட்டோப் பிரதிக்கும் பாதீட்டில் ஒரு தொகை ஒதுக்கச் சொல்லுங்கள். கையளிக்கும் ஒவ்வொரு அறிக்கையின் பிரதியிலும் திகதி முத்திரை வாங்குங்கள்.

அறிக்கை ஒருவழிப் பாதையும் அல்ல. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டப்படி, 100,000 அமெரிக்க டொலருக்கு மேற்பட்ட வெளிநாட்டு நிதித் திட்டம், 500,000 ரூபாவுக்கு மேற்பட்ட உள்நாட்டு நிதித் திட்டம் பற்றிய விபரங்களை வேலை தொடங்க மூன்று மாதத்துக்கு முன்பே பொறுப்பான அமைச்சர் மக்களுக்குத் தெரிவிக்க வேண்டும். கேட்கும் விபரத்தைத் தருவதா இல்லையா என்று அரச அலுவலகம் 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். அரசிடமிருந்தோ வெளிநாட்டு அரசிடமிருந்தோ சர்வதேச நிறுவனத்திடமிருந்தோ கணிசமான நிதி பெற்று மக்களுக்குச் சேவை செய்யும் தொண்டு நிறுவனங்களும் இந்தச் சட்டத்துக்குள் வருகின்றன. நீங்கள் கொடுத்த அறிக்கை மேலே போய் என்னவாயிற்று என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

அடுத்த ஒப்பந்தம் கைக்கு வரும்போது கடைசிப் பின்னிணைப்பிலிருந்து வாசிக்கத் தொடங்குங்கள். விளங்காத வரிக்கு எழுத்தில் விளக்கம் கிடைக்கும்வரை பேனாவைத் திறக்காதீர்கள்.