அப்பாவை முன் இருக்கையில் உட்கார வையுங்கள்

ஈப்போ, பேராக்

அன்புச் சகோதரிக்கு,

புதுக்கோட்டையிலிருந்து நீங்கள் எழுதிய நீண்ட கடிதம் கிடைத்தது. கோலாலம்பூரில் ரயிலுக்கு இடம் கிடைக்காமல் பேருந்து ஏறியது, அது ஈப்போ நகருக்கு வெளியே இறக்கிவிட்டதும் பிள்ளைகள் பசியில் அழுதது, கெல்லி கோட்டையில் மழையில் மாட்டிக்கொண்டது, அப்பா பிறந்த பால்மரத் (ரப்பர்) தோட்டத்தைத் தேடிக் காரில் சுங்கை சிப்புட் பக்கம் போய்ச் செம்பனைக் காட்டுக்குள் சுற்றிவிட்டு வெறுங்கையோடு திரும்பியது என்று எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறீர்கள். ‘திரும்பி வரும்வரை அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. இவ்வளவு செலவு செய்து அவரை நோகடித்துவிட்டேனோ?’ என்று முடித்திருக்கிறீர்கள். இதே மனக்குறையோடு ஊர் திரும்பும் குடும்பங்கள் பல. அதனால் எல்லோரும் படிக்கும்படி பதில் எழுதுகிறேன்.

நீங்கள் அவரை நோகடிக்கவில்லை. ஆனால் அந்தக் காருக்குள் யாரும் அவரிடம் வழி கேட்கவில்லை. உங்கள் கடிதத்திலேயே அது இருக்கிறது: மூத்த பையன் கைப்பேசியில் வரைபடத்தை வைத்துக்கொண்டு ஓட்டுநருக்குப் பக்கத்தில், அப்பா பேரக்குழந்தைகளோடு பின்னால். அந்த மண்ணில் பிறந்து பத்து வயதுவரை அங்கே நடந்து திரிந்தவர் அவர் ஒருவர்தான்.

தோட்டம் ஏன் கிடைக்கவில்லை என்பதை முதலில் சொல்கிறேன். மலாயா சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் பல தங்கள் தோட்டங்களை விற்றுவிட்டுப் போயின. வாங்கியவர்கள் அவற்றைச் சிறு சிறு துண்டுகளாக்கி விற்றார்கள். தோட்டத் துண்டாடல் என்று அப்போது பெரும் கவலையாகப் பேசப்பட்டது இதுதான். நீங்கள் தேடிப்போன அதே சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது, தொழிலாளர்களே சிறுகச் சிறுகப் பணம் போட்டுத் தோட்டங்களை வாங்கட்டும் என்றுதான். அப்படிச் சில தோட்டங்கள் பிழைத்தன. பிறகு செம்பனை வந்தது. பால்மரத்துக்கு வேண்டிய அளவு ஆள் அதற்கு வேண்டியதில்லை. தொழிலாளர்கள் குடியிருந்த லயங்கள் காலியாயின; நகரத்தை ஒட்டிய தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாயின. தோட்டம் தோட்டமாகவே இருந்திருந்தாலும் உங்கள் பாட்டி பால் வெட்டிய மரங்களை நீங்கள் பார்த்திருக்க முடியாது. ஒரு பால்மரம் இருபத்தைந்து, முப்பது ஆண்டுகள்தான் பயன் தரும். அதற்குப் பிறகு சாய்த்துவிட்டு மறுநடவு செய்துவிடுவார்கள்.

ஆகவே அடுத்த முறை மரத்தைத் தேடாதீர்கள். தோட்டத்தில் பெரும்பாலும் நிலைத்து நிற்பவை மாரியம்மன் கோயிலும் தமிழ்ப்பள்ளியும் சுடுகாடும்தான். பேராக்கில் இன்றும் நூற்றுக்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அவற்றில் பல, தோட்டம் அழிந்து வேறு இடத்துக்கு மாறிய பிறகும் பழைய தோட்டத்தின் பெயரையே தாங்கி நிற்கின்றன. அப்பாவின் பிறப்புப் பத்திரம் வீட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். தோட்டத்தின் கம்பெனிப் பெயர் அதில் இருக்கக்கூடும். தோட்டத்து மக்கள் வழங்கிய பெயரை அப்பா சொல்வார். இரண்டையும் ஒரு தாளில் எழுதி எடுத்து வாருங்கள். சுங்கை சிப்புட்டில் மகாத்மா காந்தி கலாசாலை இருக்கிறது. அந்த வட்டாரத்துத் தோட்டப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாகப் படித்த பள்ளி. பள்ளி நாளில் போய்க் கேளுங்கள். வெள்ளிக்கிழமை மாலையில் கோயிலில் போய் உட்காருங்கள். அப்பாவின் வயதுக்காரர்கள் அங்கே வருவார்கள். வரைபடத்தில் இல்லாத வழி அவர்களிடம் இருக்கும். அதோடு, கிழக்கே நிற்கும் தித்திவாங்சா மலைத்தொடர் இடம் மாறவில்லை. எந்த மலை லயத்து வாசலிலிருந்து எப்படித் தெரிந்தது என்பது சிறுவயதில் பார்த்த கண்ணுக்கு மறக்காது. அப்பாவை முன் இருக்கையில் உட்கார வைக்கச் சொல்வது இதற்காகத்தான்.

மழையைப் பற்றி வருத்தப்பட்டிருந்தீர்கள். ஈப்போ மலைகளுக்கு நடுவே கிந்தாப் பள்ளத்தாக்கில் இருக்கும் ஊர். காலையில் வெயில் அடித்தாலும் பிற்பகலில் கொட்டித் தீர்க்கும் நாட்கள் இங்கே அதிகம். பார்க்க வேண்டியதையெல்லாம் காலையிலேயே பார்த்துவிட வேண்டும். ஆனால் கோட்டை வாசலில் ஒதுங்கி நின்றபோது அப்பா மழையையே பார்த்துக்கொண்டிருந்தார் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியில்தான் நான் நின்றுவிட்டேன்.

பால்மரம் வெட்டியவர்கள் வீட்டில் மழைக்கு வேறு கணக்கு. பால் நன்றாக ஓடுவது குளிர்ந்த நேரத்தில்தான். அதனால் விடியுமுன்பே பெரட்டுக்குப் பேர் கூப்பிடுவார்கள். பிறகு ஓர் ஆளுக்கு 400, 500 மரங்கள். மரத்துக்கு மரம் உளியால் பட்டையை மெல்லியதாகச் சீவி, பால் சேரும் கிண்ணமான மங்கை வைத்துவிட்டு நடக்க வேண்டும். வெயில் ஏற ஏறப் பால் சொட்டுவது நிற்கும். திரும்பவும் முதல் மரத்திலிருந்து போய்ப் பாலை வாளியில் சேர்த்து, தோளில் காண்டாக் கம்பில் தூக்கி, ஸ்டோருக்குக் கொண்டுபோய் நிறுக்க வேண்டும். இடையில் மழை பெய்தால், வெட்டிய கோட்டில் இறங்க வேண்டிய பால் பட்டையெல்லாம் வழிந்து ஓடும்; மங்கில் மழைநீர் நிறையும். காலையெல்லாம் உழைத்தது மண்ணோடு போகும். விடியற்காலையில் மழை பிடித்துக்கொண்டால் அன்று வேலையே இல்லை. நானும் பால்வெட்டுக் குடும்பத்தில் வளர்ந்தவன். மழை பெய்தால் அம்மா வாசலில் நின்று வானத்தைப் பார்ப்பார். நாங்கள் யாரும் பேச மாட்டோம். உங்கள் அப்பா எதை நினைத்து நின்றாரோ, எனக்குத் தெரியாது. அவரிடம் கேளுங்கள். ‘மழை வந்தால் உங்கள் அம்மா என்ன செய்வார், தாத்தா?’ என்று பிள்ளைகளைக் கேட்கச் சொல்லுங்கள்.

கெல்லி கோட்டையை மழையால் பாதிதான் பார்த்தீர்கள். மறுபடி பத்து காஜா பக்கம் போகும்போது, முதலில் அதன் அருகிலுள்ள மாரியம்மன் கோயிலுக்குப் போங்கள். ஸ்காட்லாந்திலிருந்து வந்த தோட்ட முதலாளி வில்லியம் கெல்லி சிமித் 1915இல் இந்தக் கோட்டையை, அதாவது தன் மாளிகையை, பெரிதாக்கத் தொடங்கியபோது, வேலைக்கு வந்தவர்களில் தமிழர்களும் இருந்தார்கள். உலகத்தையே உலுக்கிய ஸ்பானியக் காய்ச்சல் அங்கும் பரவிப் பலர் இறந்தார்கள். நோய் நீங்கக் கோயில் வேண்டும் என்று தொழிலாளர்கள் கேட்க, அவரும் கட்டித் தந்தார் என்பது இங்கே வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. தெய்வச் சிற்பங்களோடு தொப்பி அணிந்த துரையின் உருவமும் அங்கே நிற்கிறது. அவர் 1926இல் லிஸ்பனில் இறந்தார், மாளிகை முடியவில்லை. கோயிலில் விளக்கு எரிகிறது. கட்டியவர்களை வணங்கிவிட்டுக் கட்டடத்துக்குப் போனால், அது வெறும் புகைப்பட இடமாக இருக்காது.

இன்னோர் இடமும் அப்பாவுக்குக் காட்ட வேண்டும். சுங்கை சிப்புட்டுக்கு மேற்கே கோலகங்சாரில், மாவட்ட அலுவலகத்துக்கு அருகில் ஒரு முதிய பால்மரம் நிற்கிறது. 1876இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து லண்டனுக்கு எடுத்துப்போன விதைகளிலிருந்து முளைத்த நாற்றுகள் சில, 1877இல் சிங்கப்பூர் வழியாக வந்து அங்கே நடப்பட்டன. அவற்றில் எஞ்சியது அது ஒன்றுதான். நம் பாட்டன் பூட்டன்கள் கப்பலேறி வந்ததற்குக் காரணமான பயிர் அது. பேரப்பிள்ளைகள் அதன் பட்டையைத் தொட்டுப் பார்க்கட்டும். எப்படி வெட்டுவார்கள் என்று தாத்தா கையால் காட்டட்டும்.

இனி அலைச்சலைக் குறைக்கும் வழி. பள்ளி விடுமுறை, தீபாவளி, தைப்பூச நாட்களில் கோலாலம்பூர் – ஈப்போ மின்ரயிலில் இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும். வாரக்கணக்கில் முன்பே பதிவு செய்துவிடுங்கள். ரயிலில் வந்தால் கட்டடக் கலைஞர் ஹப்பாக் வடிவமைத்து 1917இல் கட்டி முடிக்கப்பட்ட பழைய நிலையத்தில், நகரத்தின் நடுவிலேயே இறங்கலாம். பேருந்து என்றால் வடக்கே மேரு ராயாவிலுள்ள அமான்ஜெயா நிலையத்தில்தான் இறங்க வேண்டியிருக்கும். அங்கிருந்து நகருக்குள் வரத் தனியாக வண்டி பிடிக்க வேண்டும். பிள்ளைகளுக்குச் சாப்பாடு கையில் இருக்கட்டும். பத்து காஜா தெற்கே, சுங்கை சிப்புட் வடக்கே. இரண்டையும் ஒரே நாளில் வைத்ததுதான் உங்களைக் களைப்பாக்கியது. ஒருநாள் தெற்கு, ஒருநாள் வடக்கு, ஒருநாள் ஈப்போ. ஈப்போ நாளில் கல்லுமலை சுப்பிரமணியர் கோயில். தைப்பூசத்துக்குத் தோட்டத்து மக்கள் லாரி லாரியாக வந்து இறங்கிய இடம் அது. பிறகு புந்தோங்கில் கச்சாங் பூத்தே வாங்கிக் கொடுங்கள். அந்த வறுத்த கடலையையும் முறுக்கையும் அப்பா முன்பே தின்றிருப்பார்.

கடைசியாக ஒன்று. 1969ஐ ஒட்டி மலேசியாவில் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமானபோது, பல்லாயிரம் தமிழ்க் குடும்பங்கள் பினாங்கில் ‘ரஜூலா’ போன்ற கப்பல்களில் ஏறி, நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் இறங்கின. உங்கள் அப்பாவும் அப்படி வந்தவர் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தத் தலைமுறையை வழியனுப்பியவர்கள் இன்னும் சிலர் இங்கே உயிரோடு இருக்கிறார்கள். அவர்களுக்கும் வயது எழுபது, எண்பது. தோட்டம் எங்கே இருந்தது, லயத்தில் யார் யார் இருந்தார்கள் என்று சொல்ல வேறு ஆள் கிடையாது. ஆகவே செலவை நினைத்துத் தள்ளிப் போடாதீர்கள். தாளில் இரண்டு பெயர்களையும் எழுதிக்கொண்டு, அடுத்த விடுமுறையிலேயே அப்பாவை அழைத்து வாருங்கள்.

அன்புடன்,
பேராக்கில் பிறந்து வளர்ந்த உங்கள் சகோதரன்