உபகாரச் சம்பளமும் காற்றை அளக்கும் கருவியும்

கிள்ளான் பள்ளத்தாக்கில் பொறியியல் படிக்கும் மாணவர்கள் சுற்றுச்சூழல் கண்காணிப்பில் இறங்கும்போது பெரும்பாலும் காற்றைத்தான் முதலில் எடுத்துக்கொள்கிறார்கள். இந்த வட்டாரம் பட்ட பாடு அப்படி. 2005 ஆகஸ்ட் 11 அன்று கிள்ளான் துறைமுகத்திலும் கோல சிலாங்கூரிலும் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 500ஐத் தாண்டி, அவசரநிலை அறிவிக்கப்பட்டது. 2015லும் 2019லும் புகைமூட்டத்தால் பள்ளிகள் மூடப்பட்டன. எல்லாப் புகையும் சுமத்ராவிலிருந்து வந்ததல்ல. கிள்ளானை அடுத்த ஜொஹான் செத்தியாவில் கரிச்சதுப்பு நிலம் இருக்கிறது. காய்ந்த நாளில் அங்கே வைக்கப்படும் தீ மண்ணுக்கடியில் இறங்கிவிட்டால், மேலே அணைந்த பிறகும் நாள்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும்.

உபகாரச் சம்பளம் கிடைத்துவிட்டால் காற்றை அளக்கும் கருவிக்கும் பணம் கிடைத்துவிட்டதாகப் பல குடும்பங்கள் எண்ணிக்கொள்கின்றன. இரண்டும் வேறு. ஜேபிஏ எனப்படும் பொதுச் சேவைத் துறையின் உதவியோ, தேசிய உயர்கல்வி நிதிக் கழகமான பிடிபிடிஎன் தரும் கடனோ, ம.இ.கா.வின் கல்விக் கரமான எம்ஐஇடி தரும் கடனோ, படிப்புக்கும் வாழ்க்கைச் செலவுக்கும் உரியவை. இறுதியாண்டுத் திட்டப்பணிக்கான உணரிகளும் பெட்டிகளும் துறையின் சிறு ஒதுக்கீட்டிலிருந்தோ, மேற்பார்வையாளரின் ஆய்வு மானியத்திலிருந்தோ, ஏதேனும் நிறுவனத்தின் ஆதரவிலிருந்தோதான் வர வேண்டும். ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் பணிக்கட்டாயம் எத்தனை ஆண்டு, எந்தத் துறையில், படிப்பு நீண்டால் உதவி தொடருமா என்பவற்றைப் பெற்றோருடன் உட்கார்ந்து வரிவரியாகப் படிப்பது நல்லது. பிடிபிடிஎன் கடன் பெற்றவர் முதல் வகுப்பில் தேறினால், நிபந்தனைகளுக்கு உட்பட்டு, அதைத் திருப்பிக் கட்டாமலிருக்க வழியுண்டு. ஆகவே கருவியில் மூழ்கி மற்றப் பாடங்களைக் கைவிடுவது பண இழப்பாகவும் முடியலாம்.

ஆதரவு கேட்டு எழுதும் கடிதம் கருவியின் பெருமையில் தொடங்கினால் தேர்வுக் குழுவின் மனத்தில் ஒட்டாது. பிரிக்ஃபீல்ட்ஸில் ஜாலான் துன் சம்பந்தன் ஓரத்துக் கடைக்காரர் காலை நெரிசலில் சுவாசிக்கும் காற்றுக்கும், இரண்டு தெரு உள்ளே இருக்கும் அடுக்குமாடியின் காற்றுக்கும் எவ்வளவு வேறுபாடு என்பது ஒரு கேள்வி. அரசு நிலையம் செராஸிலோ பத்து மூடாவிலோ இருக்கும்போது பிரிக்ஃபீல்ட்ஸ் தெருவுக்கு விடை கிடைக்காது. இத்தகைய கேள்வியை வைத்து எழுதியவர்களுக்கே நேர்காணலில் பேச விஷயம் இருக்கிறது.

கருவியைக் கட்டுவது இன்று எளிது. புடுவில் ஜாலான் பாசார் கடைகளில் மைக்ரோ கன்ட்ரோலர், மின்கலம், நீர் புகாத பெட்டி எல்லாம் கிடைக்கும். நுண்துகளை அளக்கும் மலிவு உணரிகள் லேசர் ஒளியில் இயங்குகின்றன. சிறு விசிறி காற்றை உள்ளிழுக்கும். துகள்கள் ஒளியைச் சிதறடிக்கும். சிதறிய ஒளியைக் கொண்டு கருவி எடையை ஊகிக்கும். நேரடியாக எடை போடுவதில்லை என்பதுதான் இதில் முக்கியம். கோலாலம்பூரின் விடியற்காலையில் ஈரப்பதம் பெரும்பாலும் 90 விழுக்காட்டைத் தாண்டுகிறது. துகள்கள் ஈரத்தை உறிஞ்சி ஊதிப்போய், உண்மையில் இருப்பதைவிட அதிக மாசு இருப்பதாக உணரி காட்டும். அரசு நிலையங்களில் இருக்கும் உயர்தரக் கருவிகள் உள்ளே வரும் காற்றைச் சூடாக்கி உலர்த்திய பிறகே அளப்பதால் இந்தச் சிக்கல் அவற்றுக்குக் குறைவு.

அமெரிக்காவில் பர்ப்பிள்ஏர் என்ற மலிவு உணரி வலையமைப்புக்கு அந்நாட்டுச் சுற்றுச்சூழல் அமைப்பு ஒரு திருத்தச் சமன்பாடு வகுத்தது. உணரி காட்டும் அளவை 0.524ஆல் பெருக்கி, ஈரப்பத விழுக்காட்டின் 0.0862 மடங்கைக் கழித்து, 5.75ஐக் கூட்ட வேண்டும். ஏறத்தாழப் பாதியாகக் குறைக்கும் அளவுக்குத் திருத்தம் தேவைப்பட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். ஆனால் அது அமெரிக்கத் தரவில் பிறந்த சமன்பாடு. சதுப்புநிலப் புகைக்கும் கிள்ளான் துறைமுக லாரிப் புகைக்கும் அதை அப்படியே எடுத்துப் போடுவது சரியாகாது. இங்குள்ள நம்பகமான ஒரு நிலையத்தின் அருகே, மேற்பார்வையாளர் மூலம் முறைப்படி அனுமதி வாங்கி, சில வாரங்கள் கருவியை நிறுத்தி ஒப்பிட்டால்தான் இந்த மண்ணுக்கான திருத்தம் கிடைக்கும். பத்து உணரி வாங்கிப் பத்து இடத்தில் பொருத்துவதைவிட, மூன்று வாங்கி நன்றாக ஒப்பிட்டுச் சரிசெய்வது மேல். வரவுசெலவுத் திட்டத்தில் மாணவர்கள் விட்டுவிடும் வரியும் இந்த ஒப்பீட்டுச் செலவுதான்.

ஒரே பெட்டிக்குள் ஒரே வகை உணரி இரண்டை வைப்பது இன்னொரு பயனுள்ள வழக்கம். இரண்டும் ஒத்துப்போகாத நேரத்தில் ஏதோ ஒன்று பழுது என்று தெரிந்துவிடும். மலேசிய வெயிலில் பெட்டிக்குள் வெப்பம் ஏறும், விசிறித் துளைக்குள் எறும்பு புகும், பல்லி முட்டையிடும். துளைக்கு நுண்வலையும், பெட்டிக்கு வெள்ளை நிழற்தட்டும், காற்று வாயைக் கீழ்நோக்கி வைத்த அமைப்பும் மாலை இடிமழையைத் தாங்கும். தரவை அனுப்பும் லோரா என்னும் குறைமின் வானலை மலேசியாவில் 919 முதல் 924 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையில் இயங்குகிறது. இணையத்தில் வாங்கும் ஐரோப்பியப் பலகைகள் 868இல் வேலை செய்பவை. வாங்கும்போதே பார்த்துக்கொள்ள வேண்டும்.

கால அட்டவணையும் திட்டத்தைக் கெடுக்கும். புகைமூட்டக் காலம் பொதுவாக ஜூன் முதல் செப்டம்பர் வரை. அப்போது பல பொதுப் பல்கலைக்கழகங்களில் நீண்ட விடுமுறை வந்துவிடும். மே மாதத்துக்குள் கருவி வெளியே நிற்கவில்லையென்றால் அந்த ஆண்டின் முக்கியமான தரவு போய்விடும். கூரையில் இடம் தரும் பள்ளி, கோயில், கடை, அடுக்குமாடி நிர்வாகம் ஆகியவற்றிடம் பல்கலைக்கழகக் கடிதத்தோடு மலாயில் எழுதிக் கேட்பது நல்ல பலன் தருகிறது. என்ன அளக்கப்படுகிறது, யாருக்கு விவரம் தெரிவிக்கப்படும் என்று அந்தக் கடிதத்தில் இருக்க வேண்டும்.

தரவு வந்த பிறகு ஒரு தவறு அடிக்கடி நேர்கிறது. ஒரு நிமிட அளவை எடுத்து நேரே குறியீட்டு எண்ணாக மாற்றிக் காட்டுவதுதான் அது. மலேசியாவில் நுண்துகளுக்கான குறியீடு 24 மணி நேரச் சராசரியில் கணக்கிடப்படுகிறது, 2.5 மைக்ரான் துகள் 2018இல்தான் அதில் சேர்க்கப்பட்டது. தீபாவளி இரவில் பிரிக்ஃபீல்ட்ஸில் பட்டாசு வெடித்தால் மாணவரின் உணரி சட்டென்று எகிறும். அரசு எண் மெல்லத்தான் ஏறும். இரண்டில் ஒன்று பொய் என்று மக்களிடம் சொல்லிவிட்டால் திட்டத்தின் மேலிருக்கும் நம்பிக்கையே போய்விடும். மைக்ரோகிராம் அளவை மைக்ரோகிராமாகவே வெளியிட்டு, சராசரி நேரத்தையும் பக்கத்திலேயே எழுத வேண்டும்.

திறந்தவெளி எரிப்பு 1974ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டம் 29அ பிரிவின்படி குற்றம். அத்தகைய எரிப்பின் புகையைக் கண்டால் மாணவர் தம் எண்ணைச் சமூக ஊடகத்தில் போட்டு நிறுத்திக்கொள்ளாமல், இடம், நேரம், புகைப்படத்தோடு சுற்றுச்சூழல் துறைக்குப் புகார் தர வேண்டும். விண்ணப்பத்துக்குத் தயாராகும் மாணவர்கள் இன்றே அத்துறையின் இணையதளத்தைத் திறந்து, தம் வீட்டுக்கு அருகிலுள்ள நிலையத்தின் மணிக்கொரு அளவை ஒரு வாரம் குறித்துப் பார்க்கலாம். அதற்குக் கட்டணம் எதுவும் இல்லை.