ஜெனீவாவுக்கு எழுதுமுன் கோப்பைத் திறந்து பாருங்கள்

காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைக்காக "ஐ.நா.வுக்கு எழுதியாச்சு" என்று சொல்லும் குடும்பங்களிடம் நான் முதலில் கேட்பது, ஐ.நா.வில் யாருக்கு என்பதுதான். பலருக்குத் தெரியாது. யாரோ ஒருவர் படிவத்தோடு வந்தார், கையெழுத்து வாங்கினார், போனார். வீட்டில் பிரதி இல்லை, பதிவெண்ணும் இல்லை. வேறு சிலர், மார்ச்சிலும் செப்டெம்பரிலும் ஜெனீவாவில் கூடும் மனித உரிமைகள் பேரவையில் தங்கள் பிள்ளையின் வழக்குத்தான் பேசப்படுகிறது என்று நம்பியிருக்கிறார்கள். நமது பத்திரிகைகளும் அந்த நம்பிக்கைக்கு ஒவ்வொரு பருவமும் எண்ணெய் ஊற்றுகின்றன. பேரவையில் நிறைவேறுவது நாட்டைப் பற்றிய தீர்மானம். தனி ஆளின் வழக்கு அங்கே தீர்வதில்லை. ஹேக்கிலுள்ள சர்வதேச குற்றவியல் நீதிமன்றம் இன்னும் தூரம்: இலங்கை ரோம் சாசனத்தில் சேரவில்லை.

அப்படியானால் எங்கே எழுதுவது? ஆள் எப்போது கொண்டுபோகப்பட்டார் என்ற திகதிதான் இதைப் பெரும்பாலும் தீர்மானிக்கிறது.

தொண்ணூறுகளிலோ 2009 மே மாதத்திலோ நடந்தது என்றால், ஐ.நா.வின் வலிந்து காணாமல் ஆக்கப்படுதல் பற்றிய செயற்குழு உங்களுக்குரியது. 1980 முதல் இயங்கும் இந்தக் குழுவுக்கு, நாடு இந்த உடன்படிக்கையில் சேர்ந்ததா அந்த உடன்படிக்கையில் சேர்ந்ததா என்ற கேள்வியே இல்லை. உள்ளூர் நீதிமன்றங்களில் வழக்காடி முடித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை. கட்டணம் கிடையாது, சட்டத்தரணி கட்டாயமில்லை. முழுப்பெயர், காணாமல் ஆக்கப்பட்ட திகதி (குறைந்தது மாதமும் ஆண்டும்), இடம், கொண்டுபோனவர்கள் எந்தப் படையினர் என்று நம்புகிறீர்கள், தேடுவதற்கு என்னென்ன செய்தீர்கள் ஆகிய விவரங்கள் வேண்டும். வேறொருவர் அனுப்பினால் குடும்பத்தின் சம்மதம் வேண்டும். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் என்றால் அவசர நடைமுறையில் எடுத்துக்கொள்வார்கள்.

இந்தக் குழு யாரையும் குற்றவாளி என்று சொல்லாது, நட்டஈடும் தராது. ஆள் எங்கே என்று அரசாங்கத்திடம் கேட்கும். பதில் கிடைக்கும்வரை கோப்பை மூடாது. இலங்கை தொடர்பாக இப்படித் திறந்து கிடக்கும் கோப்புகள் ஆறாயிரத்துக்கும் மேல், ஈராக்குக்கு அடுத்தபடி. "ஆறாயிரம் பேரோடு இன்னொன்றாக என் பிள்ளையும் கிடக்கவா?" என்று ஒரு தாய் கேட்டால் எனக்குக் கோபம் வராது. ஆனாலும் பதியச் சொல்வேன். அப்படி ஓர் ஆளே இருக்கவில்லை, வெளிநாட்டுக்கு ஓடிவிட்டார் என்று பின்னால் யாரும் கதை கட்டும்போது, அரசாங்கமே கையேற்ற ஒரு பதிவு இருக்க வேண்டும்.

சம்பவம் 2016 ஜூன் மாதக் கடைசிக்குப் பிறகு நடந்தது என்றால் இன்னொரு வழியும் உண்டு. வலிந்து காணாமல் ஆக்கப்படுதலுக்கு எதிரான உடன்படிக்கையை இலங்கை 2016 மே மாதம் ஏற்றது. அடுத்த மாதம் அது இலங்கையைக் கட்டுப்படுத்தத் தொடங்கியது. அந்த உடன்படிக்கையின் 30 ஆம் உறுப்புரையின் கீழ், உடனே தேடுங்கள் என்று அரசைக் கேட்கும்படி அதற்கான குழுவிடம் உறவினர் கோரலாம். அதற்கு முன் உள்நாட்டு அதிகாரிகளிடம் முறையிட்டிருக்க வேண்டும். ஒரே சம்பவத்தைச் செயற்குழுவுக்கும் இந்தக் குழுவுக்கும் ஒரே நேரத்தில் அனுப்பாதீர்கள்.

உங்கள் பிள்ளைக்கு நடந்தது உரிமை மீறல்தான் என்று ஒரு சர்வதேச அமைப்பு காரணங்களோடு எழுதித் தர வேண்டும் என்றால், போக வேண்டிய இடம் மனித உரிமைகள் குழு. பேரவை வேறு, குழு வேறு. பேரவையில் நாடுகள் உட்கார்ந்திருக்கும். குழுவில் பதினெட்டு நிபுணர்கள். குடியியல், அரசியல் உரிமைகள் உடன்படிக்கையின் முதலாம் விருப்பத்தெரிவு நெறிமுறையில் இலங்கை 1997 இல் சேர்ந்ததால் இந்த வழி திறந்தது. இந்தியா அந்த நெறிமுறையில் சேரவில்லை. தமிழ்நாட்டு முகாம்களில் இருப்பவர்கள் இதைக் குழப்பிக்கொள்கிறார்கள்: இந்தியாவுக்கு எதிராக அங்கே முறையிட முடியாது, இலங்கையில் நடந்ததற்காக இலங்கைக்கு எதிராக, எந்த நாட்டில் இருந்துகொண்டும் முறையிடலாம்.

நெறிமுறை இலங்கைக்கு நடைமுறைக்கு வந்தது 1998 ஜனவரியில். அதற்கு முந்திய சம்பவங்களுக்கு என்ன வழி? இதற்குப் பதில் சர்மா வழக்கில் இருக்கிறது. திருகோணமலையில் 1990 ஜூனில் இராணுவத்தால் கொண்டுபோகப்பட்ட மகனுக்காகத் தந்தை தொடுத்த வழக்கு அது. ஆள் எங்கே என்று தெரியாதவரை அந்த மீறல் தொடர்ந்துகொண்டே இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு, 2003 இல் குழு முடிவு சொன்னது. மகனின் உரிமைகளோடு, பெற்றோர் பட்ட மனவேதனையையும் அவர்களுக்கெதிரான தனி மீறலாகவே குழு கண்டது. அந்தத் தந்தையின் முறைப்பாட்டைப் படித்தால் இன்னொன்றும் புரியும். மகனைப் பிறகு கண்ட நாள், நேரம், வந்த இராணுவ வாகனத்தின் நிறம், பதிவெண் வரை அவர் எழுதியிருந்தார்.

இந்தக் குழுவுக்குப் போவதற்கு உள்நாட்டு நிவாரணங்களை முடித்திருக்க வேண்டும். அல்லது அவை நியாயமற்ற அளவுக்கு இழுபடுகின்றன என்று காட்ட வேண்டும். பெரும்பாலான கோப்புகள் தவறுவது இங்கேதான். அடிப்படை உரிமை மீறலுக்காக உயர் நீதிமன்றத்துக்குப் போக அரசியலமைப்பின் 126 ஆம் உறுப்புரை தரும் அவகாசம் ஒரே ஒரு மாதம். மகனைப் பறிகொடுத்த வீடு ஒரு மாதத்தில் கொழும்புக்குப் போய் வழக்குப் போடுமா? போடாது. ஆனால் அந்த ஒரு மாதத்துக்குள் இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தால், 1996 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டத்தின் 13 ஆம் பிரிவின்படி, அங்கே விசாரணை நிலுவையில் உள்ள காலம் இந்த ஒரு மாதக் கணக்கில் சேராது. இன்று யாராவது கைதாகிக் காணாமற்போனால் அன்றோ மறுநாளோ செய்ய வேண்டிய முதல் வேலை இது. முறைப்பாட்டு இலக்கம் எழுதிய சீட்டு இல்லாமல் அலுவலகத்தை விட்டு வெளியே வராதீர்கள்.

அந்த மாதம் தவறிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டவர்களுக்கு ஆட்கொணர்வு மனு இருக்கிறது. மேன்முறையீட்டு நீதிமன்றத்திலும் மாகாண மேல் நீதிமன்றத்திலும் போடலாம். போரின் இறுதி நாள்களில் இராணுவத்திடம் சரணடைந்த எழிலனுக்காக அவருடைய மனைவி அனந்தி சசிதரன் தொடுத்த மனுவில், அவரை நீதிமன்றத்தில் முன்னிலைப்படுத்துமாறு வவுனியா மேல் நீதிமன்றம் 2022 டிசம்பரில் இராணுவத்துக்குக் கட்டளையிட்டது. பல ஆண்டு வழக்கு. கட்டளை கிடைத்தது, எழிலன் கிடைக்கவில்லை. இத்தகைய மனு ஆண்டுக்கணக்கில் இழுபடும்போது ஒவ்வொரு தவணைத் திகதியையும், ஏன் ஒத்திவைத்தார்கள் என்பதையும் ஒரு கொப்பியில் எழுதி வாருங்கள். நிவாரணம் இழுபடுகிறது என்பதற்கு ஜெனீவாவில் காட்டக்கூடிய ஆதாரம் அந்தக் கொப்பிதான். உள்நாட்டு வழக்கு முடிந்தபின் ஐந்து ஆண்டுக்கு மேல் தாமதித்தால், தகுந்த காரணம் இல்லாமல் குழு ஏற்காமல் விடலாம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

வென்றால் என்ன கிடைக்கும்? இங்கே நான் யாரையும் ஏமாற்ற விரும்பவில்லை. தமிழ் மட்டுமே தெரிந்த சிங்கராசா, சிங்களத்தில் தட்டச்சான வாக்குமூலத்தில் கட்டாயத்தின் பேரில் கைநாட்டு வைத்ததாகச் சொன்னார். அந்த வாக்குமூலத்தை வைத்து அவருக்கு 50 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டு, மேன்முறையீட்டில் 35 ஆகக் குறைந்தது. 2004 இல் மனித உரிமைகள் குழு, அவருக்கு நியாயமான விசாரணை கிடைக்கவில்லை என்று முடிவு செய்தது. அதைக் கொண்டு அவர் உயர் நீதிமன்றத்துக்குப் போனார். 2006 செப்டெம்பரில் பிரதம நீதியரசர் சரத் என். சில்வா தலைமையிலான ஆயம், அந்த நெறிமுறையில் ஜனாதிபதி சேர்ந்ததே அரசியலமைப்புக்கு முரண் என்றும், குழுவின் முடிவு உள்நாட்டில் செல்லாது என்றும் தீர்த்தது. ஆனாலும் இலங்கை நெறிமுறையிலிருந்து விலகவில்லை. குழு இன்றும் முறைப்பாடுகளை ஏற்கிறது. சர்வதேச மனித உரிமைச் சட்டத்தின் இன்றைய சிக்கலை இதைவிடச் சுருக்கமாகக் காட்டும் வழக்கு எனக்குத் தெரியாது: அரசு வெளியே கையெழுத்திடும், உள்ளே கைவிரிக்கும். ஆகவே குழுவின் முடிவைப் பணமாகவோ விடுதலையாகவோ எண்ணிக்கொண்டு போகாதீர்கள். வெளிநாட்டு விசாரணைகளிலும் பிற்கால வழக்குகளிலும் எடுத்துக்காட்டக்கூடிய, ஆராய்ந்து எழுதிய ஒரு முடிவு கையில் இருக்கும். அதன் பெறுமதி அவ்வளவுதான், ஆனால் அது சிறியதும் அல்ல.

இதோடு இப்போது காசுப் பிரச்சினையும் சேர்ந்திருக்கிறது. உறுப்பு நாடுகள் பங்குப்பணத்தைப் பிந்திக் கட்டுவதாலும் கட்டாமல் விடுவதாலும் ஐ.நா. நெருக்கடியில் இருக்கிறது, உடன்படிக்கைக் குழுக்களின் அமர்வுகளும் ஆளணியும் குறைகின்றன, முடிவாகாத முறைப்பாடுகள் ஆயிரத்துக்கும் மேல் தேங்கியிருக்கின்றன. முடிவுக்குப் பல ஆண்டு எடுக்கும் என்று கணக்கிட்டே தொடங்குங்கள். தமிழில் எழுதினால் ஏற்க மாட்டார்கள். முக்கிய ஆவணங்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, மூலத்தோடு சேர்த்து அனுப்ப வேண்டும்.

இன்னோர் இடமும் உண்டு. பேரவையின் 2021 மார்ச் 46/1 தீர்மானத்தின்படி, இலங்கை தொடர்பான ஆதாரங்களைத் திரட்டிப் பாதுகாக்கும் ஒரு பிரிவு மனித உரிமைகள் உயர்ஸ்தானிகர் அலுவலகத்தில் இயங்குகிறது. பின்வந்த தீர்மானங்கள் அதை நீடித்திருக்கின்றன. அது நீதிமன்றம் அல்ல. தகவல் தருபவரின் சம்மதத்தைக் கேட்டு, யாருடன் பகிரலாம் என்பதையும் கேட்டுத்தான் வைத்திருக்கிறது. சம்மதப் படிவத்தை வாசிக்காமல் கையெழுத்து வைக்காதீர்கள். உங்கள் பாதுகாப்புக்காகச் சில வகைப் பகிர்வை மறுக்கும் உரிமை உங்களுக்கு உண்டு. மனித உரிமைகள் குழுவில் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்கலாம், ஆனால் அரசுக்குப் பெயர் போகும். செயற்குழுவில் தகவல் அனுப்பியவரின் அடையாளத்தை மறைக்கக் கேட்கலாம். வீட்டுக்குப் புலனாய்வுக்காரர் வருகிறார்கள் என்றால், முறைப்பாட்டை அனுப்புமுன் இந்த வேறுபாட்டை வீட்டாரோடு உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள்.

இனிக் கோப்பு. 2010 இல் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு, பிறகு பரணகம ஆணைக்குழு, பிறகு காணாமற்போனோர் அலுவலகம், இடையில் பொலிஸ், செஞ்சிலுவைச் சங்கம் என்று அம்மாமார் ஒரே கதையை எத்தனையோ மேசைகளில் சொல்லியிருக்கிறார்கள். ஒவ்வொருவரும் தம் போக்கில் எழுதிக்கொண்டார்கள். ஒன்றில் 17 ஆம் திகதி, இன்னொன்றில் 18. ஒன்றில் வட்டுவாகல், இன்னொன்றில் முல்லைத்தீவு. அரசு சட்டத்தரணி முதலில் தேடுவது இதைத்தான். பழைய வாக்குமூலங்கள் எல்லாவற்றின் பிரதிகளையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். முரண் இருந்தால் பழைய தாளைத் திருத்தாதீர்கள், ஒளிக்காதீர்கள். புதிய சத்தியக்கடதாசியில் ஏன் அப்படி எழுதப்பட்டது என்று விளக்குங்கள். நெருக்கடியில் நாள் தவறுவது இயல்பு, அதை விளங்கிக்கொள்வார்கள். கண்ணால் கண்டது எது, பிறர் சொல்லிக் கேட்டது எது என்று பிரித்து எழுதுங்கள். கண்ட சாட்சி கனடாவில் இருந்தாலும் அவரிடம் இப்போதே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

கோப்பில் பெரும்பாலானவர்கள் வைக்காத பக்கம் ஒன்று உண்டு: உடலடையாளம். யாழ்ப்பாணம் செம்மணியில் 2025 இல் தோண்டியபோது இருநூறுக்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிவந்தன. கிடைத்த உடைகளையும் பொருள்களையும் அடையாளம் காண மக்களுக்குக் காட்டினார்கள். சின்ன வயதில் கை முறிந்ததா, பல் கட்டியதா, எந்தப் பக்கப் பல் இல்லை, உயரம், கடைசியாக உடுத்திருந்த உடுப்பின் நிறம், தைத்த கடை எல்லாவற்றையும் எழுதி, மருத்துவப் பதிவு இருந்தால் சேர்த்து வையுங்கள். இதை எழுதுவது பிள்ளை இறந்துவிட்டது என்று ஒத்துக்கொள்வதாகாது. சிலர் அப்படி நினைத்து மறுக்கிறார்கள். அவர்களை அவசரப்படுத்தக் கூடாது.

அதேபோல மரணச் சான்றிதழ் எடுக்கச் சொல்லி அலுவலகங்களில் நெருக்கினால், 2016 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் காணாமற்போனமைக்கான சான்றிதழுக்கு இடம் தருகிறது என்று சொல்லுங்கள். காணி, வங்கி, உதவித்தொகை அலுவல்களை அதைக் கொண்டு பார்க்கலாம்.

காசு கேட்பவரிடம் போகாதீர்கள். மேலே சொன்ன எந்த வழிக்கும் ஐ.நா. ஒரு ரூபாயும் வாங்குவதில்லை. மொழிபெயர்ப்புக்குச் செலவாகலாம், அதற்குப் பற்றுச்சீட்டு வாங்குங்கள். "கேஸ் போட்டால் விசா கிடைக்கும்" என்பவர் உங்கள் பிள்ளையின் பெயரை விற்கிறார்.

கடைசியாக, 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் வீதியோரக் கொட்டகைகளில் தொடர்போராட்டம் தொடங்கிய பெற்றோரில் பலர் பதில் தெரியாமலே இறந்துவிட்டார்கள். அவர்களோடு முகவரியும் தொலைபேசி இலக்கமும் செத்துப்போன கோப்புகள் உண்டு. கடிதம் வந்தாலும் வாங்க ஆளில்லை. அதனால் இளைய தலைமுறையில் ஒருவரை, சகோதரியோ பெறாமகனோ, இரண்டாவது தொடர்பாளராகச் செயற்குழுவுக்கும் காணாமற்போனோர் அலுவலகத்துக்கும் எழுத்தில் அறிவியுங்கள். அதிகாரக் கடிதத்தில் அம்மாவின் கையெழுத்தை இப்போதே வாங்கி வையுங்கள். மரபணு ஒப்பீட்டுக்குப் பெற்றோரின் மாதிரியே அதிகம் உதவும். புதைகுழி வழக்கு நடக்கும் நீதவான் நீதிமன்றத்தில் அதைப் பதிவு செய்து வைக்க முடியுமா என்று சட்டத்தரணி மூலம் இந்தத் தவணையிலேயே கேளுங்கள்.