பாழ்கிணறும் காற்றும்

ஊர் திரும்பும் கமக்காரக் குடும்பம் முதலில் எட்டிப் பார்ப்பது கிணற்றைத்தான். 1990இல் தீவுப்பகுதியை விட்டு இடம்பெயர்ந்த பலரும் இதை அறிவர். நெடுந்தீவில் நல்ல தண்ணீர்க் கிணறு பெருஞ்சொத்து. ஆனால் பல ஆண்டுகள் இறைக்காத கிணற்றில் இறங்குமுன், அதற்குள் இருக்கும் காற்றைப் பற்றி நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஓயாத துணிக்கைகள்

காற்று கண்ணுக்குத் தெரியாத மூலக்கூறுகளால் ஆனது. அவை செக்கனுக்கு ஏறக்குறைய 450 மீற்றர் வேகத்தில் எல்லாத் திசைகளிலும் பாய்கின்றன. சைக்கிள் ரியூப் விறைப்பாக நிற்பது, அவை உட்சுவரில் இடைவிடாது மோதுவதால். வெயிலில் விட்டால் அவற்றின் வேகம் கூடுகிறது, மோதலும் பலக்கிறது. பழைய ரியூப் வெடிப்பது இதனால்தான்.

ஒரு கேள்வி

நெடுந்தீவுக்கு 'டெல்வ்ற்' என்று பெயரிட்டவர்கள் ஒல்லாந்தர். அந்நாட்டு அறிஞர் பைஸ் பலோற் 1858இல் கேட்டார்: துணிக்கைகள் இவ்வளவு விரைவாக ஓடுமானால், அறையின் ஒரு மூலையில் எழும் மணம் மறுமூலைக்கு வர ஏன் தாமதிக்கிறது? ஜேர்மன் அறிஞர் குளோசியஸ் அதே ஆண்டில் விடை சொன்னார். ஒவ்வொரு துணிக்கையும் சற்று நகர்ந்ததும் இன்னொன்றுடன் மோதித் திசை மாறுகிறது. திருவிழாக் கூட்டத்தில் ஓட முயல்பவனைப் போல, கால் விரைந்தாலும் வழி நீளாது.

கிணற்றுக்குள்

பாழ்கிணற்றில் அழுகும் இலைகுழை ஒட்சிசனை எடுத்துக் காபனீரொட்சைட்டை விடுகிறது. இவ்வாயு காற்றைப் போல் ஒன்றரை மடங்கு பாரமானது. உள்ளே காற்றோட்டம் இல்லை. துணிக்கைகள் தாமாகப் பரவி மேலேறவும் நெடுநேரம் செல்லும். ஆகவே கெட்ட காற்று அடியிலேயே தங்கிவிடுகிறது. இறங்குபவர் சில நிமிடங்களில் மயங்கி விழலாம்.

நாம் செய்யவேண்டியவை

1. முதலில் மேலிருந்தே இறைத்து, இலைகுழைக் கட்டொன்றைக் கயிற்றில் பலமுறை இறக்கி ஏற்றிக் காற்றைக் கலக்குங்கள்.

2. விளக்கை இறக்கிப் பார்க்கும் பழைய வழக்கத்தை மட்டும் நம்பவேண்டாம். விளக்கு அணைந்தால் இறங்கக்கூடாது. அணையாவிட்டாலும் ஆபத்து நீங்கியதாகாது. சேற்றிலிருந்து எரிவாயு எழுமானால் விளக்கே தீமூட்டும்.

3. இறைக்கும் இயந்திரத்தைக் கிணற்றுக்குள் ஓட்டாதீர்கள். அதன் புகையிலுள்ள காபனோரொட்சைட்டுக்கு மணமில்லை. விளக்கும் அதைக் காட்டாது.

4. இறங்குபவர் இடுப்பில் கயிறு கட்டவேண்டும். மேலே பலமுள்ள இருவராவது நிற்கவேண்டும். அவர் மயங்கினால் கயிற்றால் இழுத்தெடுங்கள். காப்பாற்றவென்று பின்னால் குதிப்பவரும் மடிவார்.

கலந்துரையாட

உங்கள் ஊரில் நெடுநாள் இறைக்காத கிணறுகள் எவை? அவற்றைத் துப்புரவு செய்ய எத்தனை பேர் சேர்ந்து போவீர்கள்?