தெளிப்பு மருந்தில் எண்ணெய் ஏன் பிரிகிறது?



சென்ற ஆண்டு கோடையில் ஒரகடத்தை அடுத்த ஒரு சிற்றூரில் கத்தரித் தோட்டம் ஒன்றைப் பார்க்க நேர்ந்தது. வெள்ளை ஈக்காக மூன்று நாட்களுக்கு முன் வேப்பெண்ணெய் தெளித்திருந்தார்கள். முதல் சில வரிசைகளில் பூச்சி அப்படியே இருந்தது. கடைசி வரிசைகளில் இலைகள் எண்ணெய்ப் பசையுடன் ஓரம் கருகித் தொங்கின. "கடைக்காரர் கலப்பட எண்ணெயைக் கொடுத்துவிட்டார் ஐயா" என்று பெரியவர் வருந்தினார்.

அவருடைய மகன் பக்கத்துத் தொழிற்பேட்டையில் கடைசல் எந்திரத்தில் வேலை செய்பவர். தெளிப்பானில் மீந்திருந்த கலவையைச் சாய்த்துப் பார்த்து, "எண்ணெய் மேல நிக்குது, வெள்ளையா திட்டு ஒட்டியிருக்கு பாருங்கப்பா. எங்க மெஷின்ல போர் தண்ணிய ஊத்திக் கூலன்ட் கலக்கினாலும் இப்படித்தான் ஆகும்" என்றார். அவர் சொன்னதே சரி. எண்ணெயில் குற்றமில்லை. அந்தக் கிணற்று நீர் மிகக் கடினமானது என்று பின்னர் சோதனையில் தெரிந்தது. நீரிலுள்ள உப்பு மருந்துக் கலவையை எவ்வாறு முறிக்கிறது, அதை எவ்வாறு தவிர்ப்பது என்பதை இங்கே காண்போம்.

பால்மம் என்பது என்ன?

எண்ணெயும் நீரும் தாமாகக் கலப்பதில்லை. எண்ணெயை மிக நுண்ணிய துளிகளாக உடைத்து நீரில் மிதக்கவிட்டால் கலவை பால்போல் வெளுக்கும். இதற்குப் பால்மம் என்று பெயர். பசும்பாலும் ஒரு பால்மமே. நெய்க்கொழுப்பு அதில் துளித்துளியாக நீரில் மிதக்கிறது.

துளிகள் மீண்டும் ஒன்று சேராமல் காப்பதற்கு ஒரு காவற்பொருள் வேண்டும். மருந்துக் கலவையில் சோப்பு அந்த வேலையைச் செய்கிறது. சோப்பு மூலக்கூறின் வால் எண்ணெயை விரும்பும், தலை நீரை விரும்பும். வாலை எண்ணெய்த் துளிக்குள் நுழைத்துத் தலையை நீரில் நீட்டி, ஒவ்வொரு துளியையும் சோப்பு வேலிபோல் சூழ்ந்துகொள்கிறது. சோப்புத் தலைகளுக்கு எதிர் மின்னேற்றம் உண்டு. ஆகவே ஒரு துளி மற்றொரு துளியை விலக்கித் தள்ளுகிறது. இத்தகைய பொருள்களைப் பரப்புச் செயலிகள் அல்லது பால்மமாக்கிகள் என்கிறோம்.

உப்பு செய்யும் இரு கேடுகள்

முதலாவது, கடின நீரிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும் சோப்புடன் சேர்ந்து நீரில் கரையாத திட்டுகளாகின்றன. உப்புத் தண்ணீரில் துணி துவைக்கும்போது நுரை வராமல் வெண்திட்டு மிதப்பது இதனால்தான். வேலியாக நிற்க வேண்டிய சோப்பு திட்டாகிப் போனால் எண்ணெய்த் துளிகள் காவலின்றி ஒன்று கூடுகின்றன. மேலும், கால்சிய சோப்பின் இயல்பே வேறு. அது எண்ணெயில் நீர்த்துளிகள் அடங்கிய தலைகீழ்ப் பால்மத்தை உண்டாக்க முனையும். வெண்ணெய் அத்தகைய பால்மமே. வெண்ணெயை நீரில் கரைக்க முடியாதல்லவா? அவ்வாறே இந்தப் பசையும் நீரில் கரையாது.

இரண்டாவது, கரைந்துள்ள எந்த உப்பும் துளிகளின் மின்னேற்றத்தை மறைத்து, அவை ஒன்றையொன்று தள்ளும் விசையைக் குறைக்கிறது. இரட்டை மின்னேற்றமுள்ள கால்சியம், ஒற்றை மின்னேற்றமுள்ள சோடியத்தைவிட இதில் பல மடங்கு வலியது. சாதாரணச் சமையலுப்பும் அதிகமானால் கேடுதான். சோப்புக் கரைசலில் உப்பைப் போட்டுச் சோப்பைத் தனியே திரட்டுவது சோப்புத் தொழிலில் நெடுநாளைய வழக்கம்.

ஒரு சிறு கணக்கு

நீரின் கடினத்தன்மையைக் கால்சியம் கார்பனேட் அளவாகக் குறிப்பார்கள். 1 கிராம் கால்சியம் கார்பனேட்டுக்கு ஈடான கடினத்தன்மை சுமார் 6 கிராம் சோப்பை விழுங்கிவிடும். லிட்டருக்கு 5 கிராம் சோப்பு போடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 300 மில்லிகிராம் என்றால் ஏறத்தாழ 1.8 கிராம் சோப்பு வீணாகும். 600 மில்லிகிராம் என்றால் 3.6 கிராம் வீணாகும். எஞ்சும் 1.4 கிராம் 30 மி.லி. எண்ணெயைக் காக்கப் போதாமல் போகலாம்.

கடையில் வாங்கும் பால்ம வகை மருந்துகளுக்கும் ஓர் எல்லை உண்டு. இந்தியத் தர நிர்ணய முறைப்படி இவற்றை லிட்டருக்கு 342 மில்லிகிராம் கடினத்தன்மையுள்ள நீரில் கலந்து 1 மணி நேரம் வைத்துச் சோதிக்கிறார்கள். 100 மி.லி. கலவையில் பிரிவது 2 மி.லி.க்கு மேற்படக் கூடாது. உங்கள் கிணற்று நீர் அதைவிடக் கடினமாயிருந்தால் தரமான மருந்தும் பிரிய இடமுண்டு.

தொழிற்சாலையிலும் எண்ணெய்க் கிணற்றிலும்

1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் கார் உற்பத்தி தொடங்கியது. 2010-இல் ஒரகடத்திலும் கார்த் தொழிற்சாலை வந்தது. அதன் பின் திருப்பெரும்புதூர், ஒரகடம், வல்லம் வடகால் வட்டாரத்தில் உலோகம் கடையும் பட்டறைகள் பெருகின. அங்கே எந்திரத்தைக் குளிர்விக்க ஊற்றும் வெள்ளை நீர், எண்ணெயும் நீரும் கலந்த பால்மமே. வெப்பத்தில் நீர் ஆவியாகும், உப்பு தங்கிவிடும். நாளடைவில் உப்பு மிகுந்து பால்மம் முறியும். அதனால் உப்பு நீக்கிய நீரைப் பல ஆலைகளில் விரும்பிப் பயன்படுத்துகிறார்கள். பழையதான பால்மத்தை அகற்றும்போது, அமிலமோ படிகாரம் போன்ற உப்போ சேர்த்து வேண்டுமென்றே முறித்து, மிதக்கும் எண்ணெயை வழித்தெடுக்கிறார்கள். ஆலையில் தெரிந்தே செய்யும் அந்த வேலைதான் நம் தெளிப்பானில் தெரியாமல் நடக்கிறது.

பூமியிலிருந்து எண்ணெய் எடுக்கும் துறையிலும் இதே சிக்கல் உண்டு. காவிரிப் படுகை போன்ற இடங்களில் கச்சா எண்ணெயுடன் உப்பு நீரும் கலந்து வரும். அதைப் பிரிக்கப் பால்மத்தை முறிக்கும் மருந்தும் வெப்பமும் தேவை. பாறையில் ஒட்டியுள்ள எண்ணெயைக் கழுவி எடுக்கப் பரப்புச் செயலியைச் செலுத்தும்போதோ உப்பின் அளவு பார்த்தாக வேண்டும். உப்பு குறைந்தால் செயலி நீரிலேயே தங்கிவிடும். மிகுந்தால் எண்ணெய்க்குள் போய்விடும், அல்லது திட்டாகப் படிந்துவிடும்.

இத்துறையில் நம் நாட்டவர் ஒருவரின் பணி நினைவுகூரத் தக்கது. பின்னாளில் அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் குழுமத்தின் முதல் தலைமை இயக்குநரான சாந்தி சுவரூப் பட்நாகர், 1921-இல் இலண்டனில் பால்மங்கள் பற்றிய ஆய்வுக்கே முனைவர் பட்டம் பெற்றார். அவர் இலாகூரில் பேராசிரியராக இருந்தபோது இராவல்பிண்டிப் பகுதி எண்ணெய் நிறுவனத்தார் ஒரு சிக்கலுடன் அவரை நாடினர். துளையிடப் பயன்படும் சேறு, பூமியிலுள்ள உப்பு நீர் பட்டதும் இறுகிவிட்டது. உள்நாட்டுப் பிசின் ஒன்றைச் சேர்க்கச் சொல்லி அதைத் தீர்த்தார். உப்பினால் திரளும் நுண்துகள்களைத் தக்க காவற்பொருள் காக்கும் என்பதே இதன் பாடம்.

நீரை முதலில் சோதியுங்கள்

கண்ணாடிப் பாட்டில் ஒன்றில் தெளிப்புக்குரிய நீர் 500 மி.லி., கரைத்த சோப்பு 2.5 கிராம், வேப்பெண்ணெய் 15 மி.லி. சேர்த்து நன்றாகக் குலுக்கி அரை மணி நேரம் அசையாமல் வையுங்கள்.

1. முழுதும் வெண்மையாக இருந்தால் நீர் நல்லது.

2. மேலே பாலேடுபோல் படிந்து, பாட்டிலை இரண்டு முறை கவிழ்த்ததும் மீண்டும் கலந்தால், தெளிக்கும்போது கலக்கிக்கொண்டே பயன்படுத்தலாம்.

3. மஞ்சள் எண்ணெய் வளையமாக நின்றாலும், வெண்திட்டு மிதந்தாலும் அந்த நீர் ஆகாது.

மண் பரிசோதனை நிலையத்தில் பாசன நீரைச் சோதிக்கக் கொடுக்கும்போது கால்சியம், மெக்னீசியம் அளவையும் கேட்டு வாங்குங்கள். கோடையில் கிணறு வற்றும்போது உப்பு மிகலாம். அப்போது மறுமுறை சோதிப்பது நல்லது.

கலக்கும் முறை

கைத்தெளிப்பானில் ஏக்கருக்கு 200 லிட்டர் கலவை போதும். பாசனத்துக்கு ஆகும் நீருடன் ஒப்பிட்டால் இது மிகச் சிறிய அளவு. கூரையில் விழும் மழைநீரை மூடிய தொட்டியில் சேர்த்து வைத்தால் அதுவே சிறந்தது. தெளிந்த ஏரி நீர் பெரும்பாலும் ஆழ்குழாய்க் கிணற்று நீரைவிட மென்மையானது.

3 சதக் கலவைக்கு 10 லிட்டர் தெளிப்பானுக்கு 300 மி.லி. வேப்பெண்ணெய் வேண்டும், ஏக்கருக்கு 6 லிட்டர் ஆகும். 50 கிராம் காதி சோப்பைச் சீவி முதல்நாள் இரவே அரை லிட்டர் மென்னீரில் ஊறவையுங்கள். மறுநாள் அந்தக் கரைசலில் எண்ணெயைச் சிறிது சிறிதாக ஊற்றி, மோர் கடைவதுபோல் கடைந்து வெண்குழம்பாக்குங்கள். பிறகு நீரைச் சிறுகச் சேர்த்து 10 லிட்டராக்கித் துணியில் வடிகட்டி உடனே தெளியுங்கள்.

மென்னீர் கிடைக்காவிட்டால் சோப்புக்குப் பதிலாக அயனியற்ற வகைப் பால்மமாக்கியை லிட்டருக்கு 1 மி.லி. வீதம் சேர்க்கலாம். அதற்கு மின்னேற்றம் இல்லாததால் கால்சியம் அதைத் திட்டாக்குவதில்லை. ஆயினும் உப்பும் வெப்பமும் சேர்ந்தால் அதன் ஆற்றலும் குறையும். ஆகையால் கலவையை வெயிலில் வைக்காதீர்கள். மாலையில் தெளியுங்கள்.

தவிர்க்க வேண்டியவை

1. டி.ஏ.பி., பொட்டாஷ், துத்தநாக சல்பேட் ஆகியவற்றை வேப்பெண்ணெய்–சோப்புக் கலவையுடன் சேர்க்காதீர்கள். 2 சத டி.ஏ.பி. என்றால் 10 லிட்டரில் 200 கிராம் உப்பு இருக்கிறது. துத்தநாகம் சோப்புடன் கூடிக் கரையாத திட்டாகும். இலைவழி உரத்தைத் தனியே வேறொரு நாளில் தெளியுங்கள்.

2. நீரை மென்மையாக்கச் சலவைச் சோடா போடாதீர்கள். நீர் காரமாகும், வேம்பின் அசாடிராக்டின் காரத்தில் விரைவாகச் சிதையும்.

3. பிரிந்த கலவையைத் தெளிக்காதீர்கள். தெளிப்பான் அடியிலிருந்து உறிஞ்சுவதால் முதலில் வெறும் நீரும் கடைசியில் வெறும் எண்ணெயும் வெளிவரும். அந்தக் கத்தரித் தோட்டத்தில் முதல் வரிசைகளில் பூச்சி சாகாததும் கடைசி வரிசைகள் கருகியதும் இதனால்தான்.

4. ஆலைகளில் கூலன்ட், எண்ணெய் வைத்திருந்த பழைய பீப்பாய்களில் மருந்து கலக்காதீர்கள். கழிவு எண்ணெய்ப் பால்மம் 2016-ஆம் ஆண்டு விதிகளின்படி அபாயகரக் கழிவாகும். அது வாய்க்காலில் கலக்கக் கண்டால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குத் தெரிவியுங்கள்.

அந்தப் பெரியவர் இப்போது மாட்டுக் கொட்டகைக் கூரை நீரைச் சேமித்து வைத்து மருந்து கலக்குகிறார். பாட்டில் சோதனையை ஒவ்வொரு முறையும் மகனே செய்து பார்க்கிறார். உங்கள் வீட்டுப் பிள்ளைகளில் யாரேனும் ஆலை வேலைக்குச் சென்றால், அங்கே கூலன்ட் கலக்கும் முறையை ஒருநாள் கேட்டுப் பாருங்கள். அரை மணி நேரச் சோதனை ஏக்கருக்கு 6 லிட்டர் எண்ணெயையும் ஒரு நாள் கூலியையும் உங்கள் பயிரையும் காக்கும்.