பாலத்தில் நில்லுங்கள்: இஸ்தான்புல்லில் தெருப் படம் பழக

இஸ்தான்புல் போய் வருகிறவர்கள் ஆளுக்கு ஆயிரம் படமாவது கொண்டுவருகிறார்கள். ஹாகியா சோபியாவின் குவிமாடம், நீல மசூதியின் ஆறு மினார்கள், 1348-இல் எழுந்த கலாத்தா கோபுரம். இவையெல்லாம் அஞ்சலட்டையில் இதைவிட நன்றாகவே கிடைக்கும். அந்தக் கட்டடங்களின் நிழலில் மீன் பிடிப்பவரையும் மூட்டை தூக்குபவரையும் டீத் தட்டோடு ஓடுபவரையும் எடுக்க வேண்டுமென்றால், அது வேறு பழக்கம். ஸ்ட்ரீட் போட்டோகிராபி என்று நாம் சொல்லும் அந்தப் பழக்கத்தைத் தொடங்க இஸ்தான்புல் நல்ல இடம். ஜனங்கள் வீட்டுக்குள் இருப்பதைவிட வெளியே இருப்பதே அதிகம். எந்தத் தெருவில் இறங்கினாலும் கடைசியில் தண்ணீரும் வெளிச்சமும் காத்திருக்கும்.

புதிதாகப் பழகுகிறவர்கள் நடந்துகொண்டே இருப்பார்கள். காலையில் சுல்தானாமெத், மதியம் பஜார், மாலையில் பலாத் என்று ஓடி, ஒவ்வோர் இடத்திலும் நடக்கவிருந்ததை ஒரு நிமிடம் முன்னதாக விட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். நான்கு நாள் கையில் இருந்தால் மூன்றே இடம் போதும் என்பதுதான் என் கட்சி: ஒரு பாலம், ஒரு படகு, ஒரு சந்தைத் தெரு.

கிளம்புவதற்கு முன்

இரண்டு பேருடைய படங்களைப் பார்த்துவிட்டுப் போங்கள். ஒருவர் ஆரா குலேர் (1928–2018), இஸ்தான்புல்லிலேயே பிறந்த ஆர்மீனியர். மீனவர்கள், கூலிகள், பனியில் வரும் டிராம் என்று 1950களின் நகரத்தைக் கறுப்பு வெள்ளையில் பிடித்து வைத்தவர். தன்னைக் கலைஞன் என்று சொன்னால் அவருக்குப் பிடிக்காது. பத்திரிகைப் படக்காரன் என்றுதான் சொல்லிக்கொள்வார். ஓரான் பாமுக் தன் இஸ்தான்புல் நினைவுநூலில் அவருடைய படங்களைச் சேர்த்திருக்கிறார். நகரத்தில் அவர் பெயரில் ஒரு அருங்காட்சியகமும் இருக்கிறது. இன்னொருவர் அமெரிக்கரான அலெக்ஸ் வெப். அதே நகரத்தை நிறத்தில் எடுத்து 2007-இல் தனிப் புத்தகமாகக் கொண்டுவந்தார். முன்னால் ஒரு முகம், நடுவில் ஒருவர் நடை, பின்னால் கண்ணாடியில் இன்னொரு கதை என்று ஒரே சட்டத்துக்குள் மூன்று நான்கு அடுக்குகளை வைப்பவர். இருவரில் யார் உங்களை இழுக்கிறாரோ அதை வைத்து, கறுப்பு வெள்ளையா நிறமா என்று ஊரிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். நடுவழியில் மாற்றினால் கண் குழம்பும்.

கருவி விஷயத்தில் அதிகம் யோசிக்க வேண்டாம். 28 அல்லது 35 மி.மீ. லென்ஸ் ஒன்று, கூடுதலாக ஒரு பேட்டரி. பெரிய ஜூம் லென்ஸை வீட்டில் விடுங்கள். அது தூரத்திலிருந்து திருடத்தான் உதவும், பழக உதவாது. செல்போன் மட்டும்தான் இருக்கிறதா? தாராளமாகப் போதும். அதன் முதன்மை லென்ஸ் ஏறக்குறைய இந்த அகலத்தில்தான் பார்க்கும். விரலால் திரையை விரித்து ஜூம் செய்வதை மட்டும் மறந்துவிடுங்கள்.

கேமராவை முன்கூட்டியே தயார் செய்வது

தெருவில் ஒரு கணம் வந்து போவதற்குள் ஃபோகஸ் தேடிக்கொண்டிருந்தால் எதுவும் கிடைக்காது. பழைய பத்திரிகைக்காரர்களின் வழி ஒன்று இன்றும் பலிக்கிறது. முழுச்சட்ட கேமராவில் 35 மி.மீ. லென்ஸைப் போட்டு, அபர்ச்சரை எஃப் 8-இல் வைத்து, ஃபோகஸைக் கையாலேயே 3 மீட்டரில் நிறுத்திவிடுங்கள். உங்களிடமிருந்து சுமார் 2 மீட்டர் முதல் 7 மீட்டர் வரை இருப்பவை எல்லாம் தெளிவாக விழும். அதற்குமேல் கேமராவைத் தொந்தரவு செய்ய வேண்டாம். நீங்கள்தான் அந்தத் தூரத்துக்குள் போய் நிற்க வேண்டும். ஷட்டர் வேகம் நொடியில் 250-இல் ஒரு பங்கு, ஆள் ஓடினால் 500-இல் ஒரு பங்கு. ஐஎஸ்ஓவைத் தானியங்கியில் விட்டு, 6400-ஐ உச்சவரம்பாக வையுங்கள். சற்றே புள்ளி தட்டினாலும் பரவாயில்லை, அசைந்துபோன படத்தைச் சரிசெய்ய வழியே இல்லை.

மூன்று மீட்டர் என்பது எவ்வளவு என்று காலுக்குத் தெரிய வேண்டும். ஊரில் இருக்கும்போதே பேருந்து நிறுத்தத்தில் நின்று, எதிரே இருப்பவர் எத்தனை மீட்டரில் இருக்கிறார் என்று மனத்துக்குள் சொல்லிப் பார்த்துப் பழகுங்கள். கேமராவே தேவையில்லாத பயிற்சி இது.

வெளிச்சத்திலும் ஒரு வித்தியாசம் காத்திருக்கிறது. இஸ்தான்புல் வடக்கே 41 பாகையில் இருக்கிறது. டிசம்பரில் நடுப்பகலில்கூடச் சூரியன் அடிவானத்துக்கு மேலே சுமார் 25 பாகைதான் ஏறும். சென்னையில் அதே நாளில் 50-ஐத் தாண்டிவிடும். நம் ஊரில் பத்து மணிக்கு மேல் கேமராவை உறையில் போடச் சொல்லும் பாடம் அங்கே குளிர்காலத்தில் செல்லாது. பகல் முழுக்கச் சாய்வு வெயில்தான், நீண்ட நிழல்தான். கோடையில் போனால் மட்டும் நம் ஊர்க் கணக்கு சரி.

முதல் நாள்: கலாத்தா பாலம்

எமினோனுவையும் கராகோயையும் பொற்கொம்புக் கழிக்குக் குறுக்கே இணைக்கும் இந்தப் பாலம் 1994-இல் திறந்தது. இதற்கு முன்பிருந்த பாலம் 1992-இல் தீப்பிடித்துப் போனது. மேல்தளத்தில் டிராமும் கார்களும், இருபுறக் கைப்பிடியிலும் வரிசையாகத் தூண்டில்காரர்கள். கீழ்த்தளத்தில் மீன் உணவகங்கள். நடந்து கடக்கப் பத்து நிமிடம்கூட ஆகாது. அங்கே ஒரு முழு நாளைச் செலவழிக்கச் சொல்கிறேன்.

முதலில் கேமராவைப் பைக்குள் வைத்துக்கொண்டு ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்து திரும்புங்கள். எங்கே நின்றால் பின்னால் யெனி ஜாமி மசூதி முழுசாகத் தெரிகிறது, எங்கே மேட்டின் மேல் சுலைமானியே மசூதி தெரிகிறது, எந்த இடத்தில் டிராம் கம்பி வந்து குறுக்கே வெட்டுகிறது என்று பார்த்து வையுங்கள். படத்தின் முக்கால் பங்கு வேலை இதிலேயே முடிகிறது. பின்புலத்தைத் தேர்ந்தெடுத்து நின்றுவிட்டால், மனிதர்கள் தாமாக வந்து அதற்குள் பொருந்துவார்கள். ஆளைத் துரத்தினால் பின்புலம் கெடும்.

அடுத்து, ஒரே ஒரு தூண்டில்காரரின் பக்கத்தில் அரைமணி நேரம் நில்லுங்கள். அவர் காலடியில் ஒரு பிளாஸ்டிக் வாளி இருக்கும். உள்ளே கடல் தண்ணீர், அதில் விரல் நீளத்துக்கு இஸ்தாவ்ரித் என்னும் சின்ன மீன்கள். தூண்டில் கயிற்றில் ஒரு முள் அல்ல, இறகு கட்டிய முட்கள் வரிசையாக இருக்கும். இழுத்தால் மூன்று நான்கு மீன் ஒன்றாகத் துடித்துக்கொண்டு மேலே வரும். அப்போது பக்கத்து ஆள் எட்டிப் பார்ப்பார், ஒரு பூனை எங்கிருந்தோ வந்து உட்காரும். பலரும் மீனைப் படம் எடுத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். எட்டிப் பார்க்கும் முகத்துக்குக் காத்திருங்கள், படம் அங்கேதான்.

எச்சரிக்கை ஒன்று: வீசுவதற்கு முன் கோலைப் பின்னால் கொண்டுபோவார்கள், முள் நடைபாதைக்கு மேலேயே சுழலும். அவர் தோளைத் திருப்பிப் பின்னால் பார்த்தால் ஓரடி விலகுங்கள். அந்தத் தோள் திருப்பம் நல்ல படமும்கூட. விலகிக்கொண்டே எடுங்கள்.

பிறகு கீழ்த்தளத்துக்கு இறங்குங்கள். மெனு அட்டையோடு உணவக ஆட்கள் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூப்பிடுவார்கள், சிரித்துக்கொண்டே தாண்டிவிடலாம். மேலேயிருந்து இறங்கும் தூண்டில் கயிறுகள் சாப்பிடுகிறவர்களின் கண்ணெதிரே தொங்கும். ஒருவர் முள்கரண்டியால் மீனைக் குத்திக்கொண்டிருக்கும்போது, அவருக்குப் பின்னால் இன்னொரு மீன் உயிரோடு மேலே ஏறிப் போகும். இரண்டும் ஒரே சட்டத்துக்குள் விழும்வரை நிற்கப் பொறுமை இருந்தால், அலெக்ஸ் வெப்பின் அடுக்குகள் என்றால் என்னவென்று புத்தகம் இல்லாமலே புரியும்.

காலை வெயில் பாஸ்போரஸ் நீரிணையின் பக்கமிருந்து வரும், மாலை வெயில் பொற்கொம்புக் கழியின் பக்கமிருந்து. வெயிலுக்கு எதிராக எடுக்கும்போது வெளிச்ச அளவை ஒரு படி குறைத்து வையுங்கள். முகம் கறுத்தாலும் உருவக்கோடு நிற்கும். செல்போனில் வானத்தைத் தொட்டால் தானே குறையும்.

நெருங்குவதும் கேட்பதும்

வெளிநாட்டில் பலருக்கும் இதுதான் கூச்சம். துருக்கியில் அதற்கு ஒரு சாவி உண்டு: வேலை செய்துகொண்டிருப்பவரைப் பார்த்தால் ‘கொலாய் கெல்சின்’ என்பார்கள், வேலை சுளுவாக நடக்கட்டும் என்று. மீன்காரர், செருப்புத் தைப்பவர், பெயின்ட் அடிப்பவர் யாராயிருந்தாலும் இதைச் சொல்லிவிட்டு நில்லுங்கள், முகம் மலரும். கூப்பிட ‘ஆபி’ என்றால் அண்ணன், ‘ஆப்லா’ என்றால் அக்கா. முன்பின் தெரியாதவரை அண்ணே, அக்கா என்று கூப்பிட்டு வளர்ந்த நமக்கு இது நாக்கில் தானாக வரும். கேமராவைச் சற்றே தூக்கிக் காட்டினால் அனுமதி கேட்பதாகப் புரிந்துகொள்வார்கள்.

பதிலைத்தான் தவறாகப் படித்துவிடக்கூடாது. தலையைப் பின்னுக்குச் சாய்த்து, புருவத்தைத் தூக்கி, நாக்கால் ‘ச்சு’ என்றால் வேண்டாம் என்று அர்த்தம். சில சமயம் புருவம் மட்டும்தான் உயரும். அதைக் கண்டால் கேமராவை இறக்கிவிட்டுக் கையை நெஞ்சில் வைத்து நகர்ந்துவிடுங்கள்.

கேட்டுவிட்டு எடுப்பதா, கேட்காமல் எடுப்பதா என்ற விவாதத்துக்கு முடிவே இல்லை. கூட்டத்தையும் நிழலுருவத்தையும் கேட்காமல் எடுக்கலாம், ஒரே முகம் சட்டத்தை நிறைத்தால் கேட்க வேண்டும் என்று நான் வைத்துக்கொள்கிறேன். கேட்டு எடுத்தால் அவர் விறைத்துக்கொண்டு நிற்பார். அதையும் ஒன்று எடுங்கள், நன்றி சொல்லுங்கள், அங்கேயே இருங்கள். இரண்டு நிமிடத்தில் அவர் தம் வேலைக்குத் திரும்பிவிடுவார். உங்களுக்கு வேண்டிய படம் அப்போதுதான் தொடங்குகிறது.

ஷூ பாலிஷ்காரர் ஒருவர் உங்கள் முன்னால் பிரஷ்ஷைத் தவறவிட்டுவிட்டு நடந்துபோனால் எடுத்துக் கொடுங்கள், ஆனால் ‘நன்றிக்காக’ அவர் போடும் பாலிஷுக்கு இசையாதீர்கள். கடைசியில் காசு கேட்பார். ஊரறிந்த தந்திரம்.

இரண்டாம் நாள்: படகு

எமினோனு அல்லது கராகோயிலிருந்து ஆசியக் கரையிலுள்ள கடிகோய்க்கு வாபூர் எனப்படும் பயணிகள் படகில் சுமார் 20 நிமிடம். டிராமுக்கு வாங்கும் இஸ்தான்புல்கார்ட் அட்டையே இதற்கும் செல்லும். ஒரே தடத்தில் போய்ப் போய்த் திரும்புங்கள். பயணிகள் உட்கார்ந்த இடத்தைவிட்டு நகர மாட்டார்கள், கையில் துலிப் வடிவ டீக்கிளாஸ் இருக்கும், கண் தண்ணீரில் இருக்கும். கூச்சம் உள்ளவர்கள் இங்கிருந்து தொடங்கினால்கூடச் சரிதான். வெளிப்பக்க பெஞ்சில் உட்கார்ந்து ஜன்னல் கண்ணாடி வழியே உள்ளே பாருங்கள்: உள்ளே இருப்பவரின் முகமும் வெளியே ஓடும் கரையும் ஒரே கண்ணாடியில் சேர்ந்து தெரியும். மாலையில் கடிகோயிலிருந்து திரும்பும் படகில், மசூதிகளின் நிழலுருவத்துக்குப் பின்னால் சூரியன் இறங்கும். எல்லோரும் அந்தப் பக்கம் கேமராவைத் தூக்கும்போது நீங்கள் திரும்பி, அந்தச் சிவப்பு விழுந்த முகங்களை எடுங்கள்.

மூன்றாம் நாள்: சந்தைத் தெரு

பெரிய பஜாருக்கு ஞாயிறு விடுமுறை. மற்ற நாட்களிலும் உள்ளே விளக்கு வெளிச்சமும் சுற்றுலாக் கூட்டமும்தான் மிச்சம். அதைவிட, பஜாரிலிருந்து எமினோனு நோக்கி இறங்கும் மஹ்மூத்பாஷா, தாஹ்தாகலே தெருக்கள் மேல். உள்ளூர்க்காரர்கள் கல்யாணத் துணியும் பாத்திரமும் வாங்கும் இடம். முதுகில் சுமைத் திண்டு கட்டிய ஹமால்கள் என்னும் கூலிகள் மேட்டில் ஏறுவார்கள். வழிவிட்டு ஓரமாக, மேட்டின் மேல்பக்கம் நின்றால் முகம் கிடைக்கும். மூன்று கம்பியில் தொங்கும் வட்டத் தட்டில் டீக்கிளாஸ்களோடு ஒருவர் கடை கடையாகப் போய்வருவார். ஒரு கடை வாசலில் நின்றால் அவர் திரும்ப வருவார், காலிக் கிளாஸ்களைச் சேகரிக்க வந்தே ஆக வேண்டும். முதல் முறை பாதையைப் பார்த்து வையுங்கள், இரண்டாம் முறை எடுங்கள்.

எடுக்காமல் விட வேண்டியவை

போலீஸ், ராணுவ இடங்கள், சோதனைச் சாவடிகள் பக்கம் கேமராவே திரும்பக்கூடாது. மசூதிக்குள் தொழுகை நேரத்தில் தொழுபவர்களை எடுக்க வேண்டாம். வெளி முற்றமும் காலலம்பும் குழாய்களும் போதிய படம் தரும். குழந்தைகளைப் பெற்றோரின் தலையசைப்பு இல்லாமல் எடுக்காதீர்கள். பலாத்தின் வண்ண வீடுகளை நான் சேர்க்காததற்கும் காரணம் உண்டு. தினமும் அந்நியர் வந்து நிற்கும் வாசல்களில் குடியிருப்பவர்கள் சலித்துப்போயிருக்கிறார்கள். போனால் துணி காயும் கொடியை எடுங்கள், ஜன்னலை விட்டுவிடுங்கள்.

ராத்திரி வேலை

அறைக்குத் திரும்பியதும் முதலில் படங்களை இன்னோர் இடத்துக்கு நகலெடுங்கள். கேமராத் திரையைப் பார்த்து எதையும் அழிக்க வேண்டாம். மங்கலென்று தள்ளியது பெரிய திரையில் பிழைத்துக்கொள்ளும். நாளைக்கு ஐந்து படம் என்று கணக்கு வைத்துப் பொறுக்குங்கள். ஒரே இடத்தில் எடுத்தவற்றை வரிசையாக ஓடவிட்டால், எந்தப் படத்துக்குப் பிறகு கிளம்பினீர்கள் என்பது தெரியும். பெரும்பாலும் கடைசிப் படத்தில் ஏதோ ஒன்று அப்போதுதான் ஆரம்பித்திருக்கும். மிச்சமிருக்கும் நான்காம் நாள் அதே இடத்தில், அதே நேரத்தில் நில்லுங்கள். தூண்டில்காரர்களும் டீக்காரரும் அங்கேதான் இருப்பார்கள். படகில் சிமித் ரொட்டித் துண்டுக்குப் பாய்ந்து வரும் கடல்காகங்கள் மட்டும் எப்படியும் இருநூறு முந்நூறு சேர்ந்திருக்கும். அதில் ஒன்றை வைத்துக்கொண்டு மீதியை யோசிக்காமல் தள்ளிவிடலாம்.